சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் பச்சிளம் குழந்தைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வார்டுக்கு வந்த டாக்டர் ஒருவர் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஒரு வாரம் கழித்து வரவும்' என்றிருந்தது. குழந்தை பிறந்து 26 மணி நேரம்தான் ஆகியிருந்தது. இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். எடை குறிக்க மறப்பது, தடுப்பூசி விவரம் விடுபடுவது போன்றவற்றை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

"ஒரு வாரம் கழித்து வாங்க"

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். நிறைமாதக் குழந்தைக்குப் பிலிருபின் (ரத்தத்தில் கூடினால் மஞ்சள் காமாலை தரும் நிறமி) உச்சத்துக்குப் போவது 3 முதல் 5 நாளுக்குள். மறுநாளே வீட்டுக்குப் போகும் குழந்தைக்கு அந்த உச்சம் வீட்டில்தான் வரும். அம்மாவுக்குப் பால் நன்றாக இறங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். பால் போதவில்லை என்றால் மலம் குறையும். மலத்தோடு போக வேண்டிய பிலிருபின் குடலிலிருந்து மறுபடி ரத்தத்தில் கலக்கும்.

அப்படி நான் அனுப்பிய குழந்தை ஒன்று 5ஆம் நாள் மாலை திரும்பி வந்தது. "ரொம்பச் சமத்து டாக்டர், அழவே மாட்டான், தூங்கிக்கிட்டே இருக்கான்" என்றார் அம்மா. உள்ளங்கால் வரை மஞ்சள். டயப்பரில் செங்கல் பொடி போலக் கறை. எழுப்பிப் பால் கொடுத்தால் இரண்டு வாய் சப்பிவிட்டு மறுபடி கண்ணை மூடினான். உடனே மஞ்சளைக் குறைக்கும் லைட்டில் வைத்தோம், பிழைத்துக்கொண்டான். பிலிருபின் மூளைக்குள் ஏறியிருந்தால் அந்தச் சேதத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. அந்த அம்மா சீட்டில் இருந்தபடிதான் நடந்தார். தவறு சீட்டில்.

பிறந்து 2 நாள் ஆகும் முன்பே அனுப்பினால் அடுத்த 48 மணி நேரத்துக்குள் குழந்தையைப் பார்த்தாக வேண்டும். தேதி, நேரம், யாரிடம் வர வேண்டும், மூன்றையும் எழுதுங்கள்.

மஞ்சளைக் கண்ணால் அளப்பது

கருவியால் அளவிடுங்கள். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தால் டிஸ்சார்ஜ் பேச்சே வேண்டாம்.

36 வாரக் குழந்தையை நிறைமாதமாக நினைப்பது

எடை நன்றாக இருக்கும், உறிஞ்சப் பலம் இருக்காது. சீக்கிரம் அனுப்பாதீர்கள்.

இதயத்தில் சத்தம் கேட்கவில்லை என்று விடுவது

சில பிறவி இதயக் கோளாறுகள் சத்தமே தராது. நாளத் தமனி (கருவில் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைத்திருந்த குழாய்) மூடத் தொடங்கிய பிறகுதான் குழந்தை திடீரெனச் சோர்ந்து போகும். பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பாருங்கள்.

குதிகால் ரத்தம்

பிறவி நோய்களைக் கண்டறியக் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தைப் பிறந்து 24 மணி நேரம் ஆகும் முன்பே எடுத்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

"பால் குடிக்குதா?"

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் "குடிக்குது" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை முழுதாகப் பாருங்கள். வாய் அகலத் திறந்து பிடிக்கிறதா, நடுநடுவே விழுங்குகிறதா, சப்பும்போது கன்னம் குழி விழாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அதற்கு இருபது நிமிடம் ஆகும். திரும்பி வந்த அந்தக் குழந்தைக்கு நான் அந்த இருபது நிமிடத்தைக் கொடுக்கவில்லை.