ராணுவப் பதக்க ஏலம்: முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள்

பழைய பிரிட்டிஷ் ராணுவப் பதக்கங்கள் லண்டனில் ஏலம் போகும்போது வெள்ளிக்கோ வெண்கலத்துக்கோ யாரும் பெரிய விலை கொடுப்பதில்லை. விளிம்பில் இருக்கும் பெயருக்குத்தான் விலை. பெரும்பாலான போர்ப் பதக்கங்களின் ஓரத்தில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். அதனால் மோசடி செய்பவர் புதுப் பதக்கம் வார்க்க வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கும் அசல் பதக்கம் ஒன்றை வாங்கி, ஓரத்தை ராவி, புகழ்பெற்ற பெயரை அடித்துவிட்டால் போதும். ராணியின் தலை, வாசகம், தேய்மானம் எல்லாம் அசலாகவே இருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் முகத்தையே உற்றுப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

பழைய பெயரை அழித்தால் அந்த இடத்து வெள்ளியும் சேர்ந்து போயிருக்கும். இந்தப் பதக்கங்கள் பெரும்பாலும் 36 மி.மீ. விட்டம் கொண்டவை. வெர்னியர் அளவுகோலால் நாலைந்து திசையில் அளந்து பாருங்கள். ஒரு திசையில் மட்டும் அளவு குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். அப்புறம் லென்ஸ் வைத்து ராவிய கோடுகளும் பழைய எழுத்தின் நிழலும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அச்சு வைத்து அடித்த எழுத்தில் உலோகம் அமுங்கியிருக்கும். கையால் செதுக்கியதில் வெட்டி எடுத்த தடம் தெரியும். எந்தப் போரின் பதக்கத்துக்கு எந்த மாதிரி எழுத்து என்பது சேகரிப்பாளர்களுக்கு நன்றாகவே தெரியும். சந்தேகமில்லாத ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் முடிவெடுக்காதீர்கள்.

ரஷ்யாவோடு நடந்த கிரிமியப் போருக்கான பதக்கத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. அது பெயரில்லாமல்தான் வழங்கப்பட்டது. விரும்பியவர்கள் திருப்பி அனுப்பி அரசுச் செலவில் பெயர் பொறித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் படைப்பிரிவிலோ உள்ளூர் நகைக்கடையிலோ செதுக்கிக்கொண்டார்கள். ஆகவே எழுத்து வேறு மாதிரி இருந்தாலே போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பணம் அதிகம் புழங்குவதும் இங்கேதான். 1854 அக்டோபர் 25 அன்று அந்தப் போரில் பலாக்ளாவா என்ற இடத்தில் லைட் பிரிகேட் என்ற குதிரைப்படையின் சுமார் 670 குதிரை வீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பதக்கம் என்றால் விலை பல மடங்கு. பலர் ரிப்பனின் மேல் ‘பலாக்ளாவா’ என்ற கிளாஸ்ப் (சண்டையின் பெயர் எழுதிய உலோகப் பட்டை) இருப்பதையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரிய தவறு. அன்றைய போரில் இருந்த ஹெவி பிரிகேடுக்கும் 93ஆம் ஹைலேண்டர்ஸ் காலாட்படைக்கும் அதே கிளாஸ்ப் கிடைத்தது. சரி, பெயர் லைட் பிரிகேடைச் சேர்ந்த 17ஆம் லான்சர்ஸ் படைப்பிரிவின் பட்டியலில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஆள் அன்று காய்ச்சலில் துருக்கியின் ஸ்குடாரி மருத்துவமனையில் படுத்திருக்கலாம், முகாமில் வேறு வேலையில் இருந்திருக்கலாம். யார் உண்மையில் பாய்ந்தார்கள் என்று ஆய்வாளர்கள் ஆள் ஆளாகத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பட்டியல்களோடு அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் ஆபத்து. வீரப் பதக்க விவரங்கள் ‘லண்டன் கெஜட்’ என்ற அரசிதழில் வெளியானவை, போலி செய்பவரும் அதைப் படிக்கிறார். அப்படி ஒரு வீரர் இருந்தார் என்பதைத்தான் பட்டியல் சொல்லும், உங்கள் கையில் இருப்பது அவருடையதா என்பதைச் சொல்லாது. அசல் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ்கள் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. முன்பு ஏலம் போன பதக்கமென்றால் பழைய கேட்லாக் படத்தை எடுத்து, ஓரத்துப் பள்ளங்களையும் கீறல்களையும் ஒப்பிடுங்கள். அவை கைரேகை மாதிரி.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது: அசலைப் போலி என்று ஒதுக்கிவிடுவது. மிலிட்டரி கிராஸ், டி.எஸ்.ஓ. (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர்) என்ற விருதுகள் இரண்டும் அதிகாரபூர்வமாகப் பெயரில்லாமல் தரப்பட்டவை. இரண்டாம் உலகப் போரின் ‘ஸ்டார்’ எனப்படும் நட்சத்திர வடிவப் பதக்கங்களும் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரில்லாமலே வந்தன. இந்தியப் படைகளோடு போன சுமைதூக்கிகள், சமையல்காரர்கள் போன்றவர்களுக்குப் பல பதக்கங்கள் வெண்கலத்தில் கொடுக்கப்பட்டன. வெள்ளி இல்லையே என்று அவற்றைத் தூக்கிப்போடுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம். 1799இல் திப்பு சுல்தானை வீழ்த்தியதற்காகத் தரப்பட்ட ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கமும் அப்படித்தான். சிங்கம் புலியை அடக்குவது போன்ற அந்தப் பதக்கம் பர்மிங்காம் சோஹோ நாணய ஆலையில் 48 மி.மீ. அளவில் செய்யப்பட்டது, கல்கத்தாவில் செய்தது 45 மி.மீ. சின்னது என்பதால் அது போலி ஆகாது.

இதில் பெரிய உதாரணம் ஜான் சார்டின் விக்டோரியா கிராஸ். 1879இல் ஜூலு போரின்போது தென்னாப்பிரிக்காவில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறு முகாமைக் காத்த அதிகாரி அவர். அந்தச் சண்டையைப் பற்றிய ‘ஜூலு’ திரைப்படத்தில் சார்டாக நடித்த ஸ்டான்லி பேக்கர் 1972இல் அவருடைய பதக்கங்களை ஏலத்தில் வாங்கினார். விக்டோரியா கிராஸ் ‘வார்த்த நகல்’ என்றே விற்கப்பட்டது. பேக்கர் 1976இல் இறந்தார், பதக்கம் கைமாறிக்கொண்டே போனது. 1996இல் உலோகத்தைச் சோதித்தபோதுதான் அது அசல் என்று தெரிந்தது. அத்தனை வருடமும் கேட்லாக்கில் எழுதிய ஒரு வார்த்தையை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்லாக் என்பது ஒரு கருத்து. அதை எழுதியவருக்கு நேரமும் குறைவு.

ரிப்பனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். புது ரிப்பன் குற்றமில்லை, பழைய ரிப்பன் சாட்சியும் இல்லை. ஆனால் பாலிஷ் போடாதீர்கள். எழுத்துக்குள் படிந்திருக்கும் கறையும் ஓர் ஆதாரம், துடைத்தால் திரும்ப வராது.

கை தூக்குவதற்கு முன் முழு விளிம்பின் படத்தையும், ரிப்பன் மாட்டும் கொக்கியைப் பதக்கத்தோடு பிடித்திருக்கும் இடத்தின் படத்தையும் கேளுங்கள். பிடி தளர்ந்து மறுபடி பற்றவைத்ததாக இருந்தால் காரணம் கேளுங்கள். கேட்லாக் விவரத்தின் கடைசியில் ‘பெயர் மாற்றப்பட்டது’, ‘அழிக்கப்பட்டது’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். போலி என்று நிரூபித்தால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பும் என்பதை நிபந்தனைகளில் தேடிப் படியுங்கள். அது தெளிவாக இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் ஏலம் கேளுங்கள்.