பார்வை எண்ணை நம்பி அச்சாரம் கொடுப்பவர்களுக்கு

பங்குனி, சித்திரை வந்தால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் விழாக் கமிட்டியார் கரகாட்ட செட் பேசக் கிளம்பிவிடுவார்கள். மேலூரோ உசிலம்பட்டியோ, இப்போது ஆட்டத்தை விசாரிப்பதற்கு முன் கைப்பேசிதான் நீட்டப்படுகிறது: "டிவியில் ஆடியவர்கள், யூடியூபில் 20 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்."

பார்த்தவர்கள் 20 லட்சம் பேர் அல்லர். வீடியோ அத்தனை தடவை ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். ஒருவரே நாலு நாள் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் எண் ஏறும். வீட்டு டிவியில் யூடியூபைப் போட்டு எட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தால் அது ஒன்றுதான். தனித்தனி ஆட்கள் எத்தனை என்ற மதிப்பீடு சேனல் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் குட்டி வீடியோக்களில் இருக்கிறது. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வை. குறைந்தபட்ச நேரம் என்று எதுவும் இல்லை. மறுபடி ஓடினால் மறுபடி ஒன்று. கட்டைவிரல் தள்ளிவிட்டுப் போன ஆட்டமும் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆகவே நாலு நிமிட மேடை ஆட்டத்தின் எண்ணையும் அதிலிருந்து வெட்டிய இருபது வினாடித் துண்டின் எண்ணையும் கூட்டிச் சொல்பவரிடம் உஷாராக இருங்கள். ஃபேஸ்புக்கின் கணக்கோ நெடுங்காலம் மூன்று வினாடியாக இருந்தது. காசு கொடுத்து ஓட்டிய விளம்பரப் பார்வைகளும் உண்டு. 2019-இல் யூடியூப் தன் இசைத் தரவரிசையிலிருந்து விளம்பரப் பார்வைகளையே நீக்கியது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

பழைய ஆட்டத்தையும் புதியதையும் எண்ணால் ஒப்பிடுவது அநியாயம். விஜய் டிவியின் 'ஜோடி நம்பர் ஒன்' 2006-இலும், கலைஞர் டிவியின் 'மானாட மயிலாட' 2007-இலும் தொடங்கியவை. ஊரே பார்த்தது; ஆனால் டிவி பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்தது. ஜியோ வந்து டேட்டா மலிவானது 2016-இல்தான். இன்றைக்கும் சில சேனல்கள் முழு நிகழ்ச்சியைத் தங்கள் செயலியில் வைத்துக்கொண்டு யூடியூபில் துண்டுகளை மட்டும் விடுகின்றன. அங்கே எண் குறைந்தால் ஆட்டம் எடுபடவில்லை என்று அர்த்தமில்லை. டிவி ரேட்டிங் முற்றிலும் வேறு: மீட்டர் பொருத்திய பல ஆயிரம் வீடுகளை வைத்து, டிவி பார்ப்போரைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு போடும் மதிப்பீடு அது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

எண்ணைத்தான் பார்ப்பேன் என்பவர், செட்டின் சொந்த சேனலாக இருந்தால், சேனல்காரர் மட்டும் பார்க்கும் கணக்குப் பக்கமான யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து காட்டச் சொல்லலாம். பார்வையாளர் எந்த இடத்தில் நின்றார், எங்கே ஓடிவிட்டார் என்று ஒரு கோடு காட்டும். பெரும்பாலும் தொடக்கத்திலேயே சரியும். தலையில் கரகம் அசையாமல் இருக்க, பின்னால் வளைந்து இமையால் ஊசி எடுக்கும் இடத்தில் கோடு மேலே எழும்பினால், ஜனங்கள் பின்னுக்குத் தள்ளித் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். மொத்த எண்ணைவிட எனக்கு அந்த மேடுதான் பெரிது.

அதுவும் ஓரளவுக்குத்தான். டிவியில் ஆடுவது வெட்டி ஒட்டிய சில நிமிடங்கள். கோயில் திடலில் நையாண்டி மேளத்துக்கு ஈடுகொடுத்து விடிய விடிய ஆட வேண்டும். போன வருடம் இந்த செட்டை அழைத்த பக்கத்து ஊர்க்காரரிடம், இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் இருந்ததா என்று கேட்டுவிடுங்கள்.