வாசிக்கப் பஞ்சிப்படும் பிள்ளைக்குக் குழப்படிக் கதைகள்

அக்காவின் மகனுக்கு எட்டு வயது. திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நண்டுக்குப் பின்னால் ஒரு மணித்தியாலம் ஓடுவான். புத்தகத்தை நீட்டினால் உடனே தண்ணீர் விடாய்க்கும், வயிறு நோகும். வகுப்பில் சத்தமாக வாசித்தபோது ஒரு சொல்லில் தடுக்கியதற்கு மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பஞ்சி. போன வருடம் முழுக்கப் பின்னேரங்களில் அவனோடு விறாந்தையில் உட்கார்ந்து கண்டுகொண்டதை எழுதுகிறேன்.

முதல் வேலை புத்தகம் தெரிவது. பொய் சொன்ன நரிக்குத் தண்டனை, சொல் கேட்ட முயலுக்குப் பரிசு என்று போகும் கதைகளைக் கொஞ்சக் காலம் ஓரமாக வையுங்கள். சுவரில் கீறாதே, ஓடாதே என்று நாள் முழுக்கக் கேட்கிற பிள்ளை அது. குழப்படி செய்கிற ஒருவன் கதைக்குள் வந்தால், தன் ஆள் ஒருவன் வந்துவிட்டான் என்று நிமிர்ந்து உட்காரும். அந்த ஆள் வாசிக்கிற பிள்ளையைவிடக் கொஞ்சம் மடையனாக இருந்தால் இன்னும் நல்லது. தடுமாறி வாசிக்கும் பிள்ளை வகுப்பில் எப்போதும் பின்னுக்கே நிற்கிறது. புத்தகத்துக்குள்ளாவது முன்னுக்கு நிற்கட்டும்.

இதற்குப் பரமார்த்த குரு கதையை மிஞ்சிய ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. இத்தாலியில் பிறந்து தமிழ் படித்து வீரமாமுனிவர் என்று பெயர் பெற்ற பாதிரியார் பெஸ்கி 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று குருவுக்கு ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பார்கள். அது சுர்ரென்று சீறும். ஆறு விழித்திருக்கிறது என்று ஓடிவருவார்கள். பிறகு அணைந்த கட்டையை வைத்துப் பார்த்து, சத்தமில்லை, தூங்கிவிட்டது என்று கடப்பார்கள். கரையேறி எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று பெரிய ஒப்பாரி.

எங்கள் பிள்ளை புத்தகத்தைப் பிடுங்கிப் படத்தில் விரல் வைத்து, "தன்னை எண்ண மறந்திட்டான் சின்னம்மா!" என்று கத்தினான். ஆற்றைக் கடந்தது ஆறு பேர் என்று அவனே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கிண்ணியாப் பாலத்தால் போயிருக்கலாமே என்றும் கேட்டான். 2009இல் அந்தப் பாலம் திறக்கும்வரை நாங்களும் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் தண்ணீரைக் கடந்தோம் என்றேன். அன்று கதை இரண்டு தரம் போனது. வாங்கும்போது பழைய நடையில் உள்ள பதிப்பு வேண்டாம். சிறுவர்களுக்காக எளிய தமிழில், பெரிய எழுத்தில் உள்ளதைப் பாருங்கள்.

சிபில் வெத்தசிங்க எழுதிப் படமும் வரைந்த குடைத் திருடன் கதை எங்கள் நாட்டுக் கதை, சிங்களத்தில் பிறந்தது. பட்டணத்தில் வாங்கிய குடை ஒவ்வொரு தரமும் களவு போகிறது. கள்ளன் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். எந்த மொழிப் பிரதி கையில் கிடைத்தாலும், படத்தைக் காட்டித் தமிழில் சொல்லலாம்.

கைபேசியில் என்றால் பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன. எளியதிலிருந்து நான்கு நிலைகள். தரம் மூன்றுப் பிள்ளைக்கு முதல் நிலையைக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

புத்தகம் பொருந்துமா என்று பார்க்க ஒரு பக்கத்தை வாசிக்கவிட்டு, தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். ஒரு கை மடங்கிவிட்டால் அது நீங்கள் வாசித்துக் காட்டவேண்டிய புத்தகம்.

சரி, எப்படி வாசிப்பது? கதை சொல்லும் பகுதி எனக்கு, குழப்படிக்காரன் பேசுவது மட்டும் அவனுக்கு. பேச்சு சின்னச் சின்ன வசனமாக வரும், குரலை மாற்றிக் கத்தலாம். ஒரு மாதத்தில் என் பங்கிலும் கை வைக்கத் தொடங்கினான். பிழையாக வாசித்தால் உடனே திருத்துவதில்லை; கருத்துக் கெட்டால் மட்டும் அடுத்த வரியில் அந்தச் சொல்லை நான் சரியாகச் சொல்லிவிட்டுப் போவேன். இந்தியப் புத்தகத்தில் நோட்டு என்று இருந்தால் கொப்பி என்றே வாசிப்பேன். தமிழில் பேசுவது ஒரு மாதிரி, எழுதுவது இன்னொரு மாதிரி; பிள்ளை எழுத்தைக் கூட்டி முடித்த பிறகும் அந்தச் சொல் தன் வீட்டுச் சொல்தான் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த இரட்டைச் சுமையைப் பெரியவர்கள் நாங்கள் மறந்துபோகிறோம்.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன படித்தாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நான் ஒரு நாள் கேட்டேன். அதற்குப் பிறகு நாலு நாள் அவன் விறாந்தைப் பக்கமே வரவில்லை.

எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்தது நாங்களே செய்த புத்தகம். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும், டவுனுக்குள்ளும் வரும். அவற்றில் ஒன்றைக் குழப்படிக்காரனாக வைத்து அவன் கதை சொல்ல, நான் எழுதினேன். "அம்மம்மாட பையில இருந்த வாழைப்பழத்த மான் திண்டுட்டு" என்று சொன்னால் அப்படியே எழுதினேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கொப்பித் தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு வசனம், கீழே அவன் கீறுவதற்கு இடம். தன் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் தடுக்காமல் வாசித்தான். மூன்றாம் கதையில்தான் "தின்றுவிட்டு" என்று புத்தகத்தில் எப்படி வரும் என்று காட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து, எது மான் பேசுவது, எது வாத்தியார் பேசுவது என்று அவனே பிரித்துக்கொண்டான்.

இப்போது அந்த மான் நிலாவெளி பஸ்ஸில் ஏறிவிட்டது, கொண்டக்டர் டிக்கெட் கேட்கிறார். மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறானாம். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.