பாலிக்குப் பயணம்: முதலில் பஞ்சாங்கம், பிறகு விமான டிக்கெட்

பாலிக்குக் கிளம்புகிற பலரும் விமானக் கட்டணம் எந்தத் தேதியில் குறைவு என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். இந்தத் தீவுக்கு அது சரிப்படாது. இந்தோனேசியாவின் பாலி மாகாணத்தில், அன்றாடம் பயன்படும் ஆங்கிலத் தேதிகளோடு இரண்டு பஞ்சாங்கங்கள் சேர்ந்து ஓடுகின்றன. எந்தக் கோயிலில் விழா, எந்தத் தெருவில் ஊர்வலம், எந்த நாளில் கடை அடைப்பு என்பதை அவைதான் முடிவு செய்கின்றன.

முதலாவது பவுகோன். ஏழு நாள் வாரங்கள் 30 சேர்ந்தால் 210 நாள்; அதோடு ஒரு சுற்று முடிந்துவிடும். கலுங்கான் பண்டிகை இந்தக் கணக்கில் எப்போதும் ஒரு புதன்கிழமையில் வரும். 2026-இல் அது ஜூன் 17. அதிலிருந்து 210 நாள் எண்ணினால் அடுத்தது 2027 ஜனவரி 13. கலுங்கானுக்குப் பத்தாம் நாள், சனிக்கிழமை, குனிங்கான். முன்னோர் ஆவிகள் வீட்டுக்கு வந்து தங்கித் திரும்புகிற காலம் இது என்பது அவர்கள் நம்பிக்கை. வீட்டு வாசல்தோறும் நுனி வளைந்த உயர மூங்கிலில் தென்னங்குருத்து, நெற்கதிர், பழம் எல்லாம் தொங்கவிட்டு நடுவார்கள். அதன் பெயர் பெஞ்சோர். கலுங்கானுக்கு முந்தைய நாளும், அன்றும், மறுநாளும் ஓட்டுநர் கிடைப்பது கடினம். எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். பெஞ்சோர்களை 35 நாள் வரை எடுக்காமல் விட்டுவைப்பதால், கலுங்கான் முடிந்த இரண்டாவது வாரத்தில் போவது நல்லது. தெருக்கள் அலங்காரத்தோடு இருக்கும், வண்டியும் கிடைக்கும்.

இரண்டாவது சக ஆண்டுப் பஞ்சாங்கம், நமக்குத் தெரிந்த அதே சக வருடம்தான். அதன் புத்தாண்டு நியெபி, பெரும்பாலும் மார்ச்சில், யுகாதியை ஒட்டி வரும். 2026-இல் மார்ச் 19. அன்று நெருப்பும் விளக்கும் இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை விமான நிலையமே மூடப்படும். மொபைல் இணையமும் நிறுத்தப்படும். வெளிநாட்டவருக்கும் விலக்குக் கிடையாது. விடுதி வளாகத்தை விட்டு வெளியே வந்தால், பெச்சலாங் எனப்படும் ஊர்க்காவலர்கள் உள்ளே அனுப்பிவிடுவார்கள். மருத்துவ அவசரத்துக்கு மட்டும் வழி விடுவார்கள். நியெபியை அனுபவிக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்து, ஒரு நாளைக்கு வேண்டிய சாப்பாட்டையும் தண்ணீரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் திரைச்சீலையை மூடி வையுங்கள். முந்தைய மாலை ஓகோ-ஓகோ என்னும் பூத உருவங்களைத் தூக்கிக்கொண்டு ஊரே தெருவில் இறங்கும். பிற்பகலிலேயே சாலைகளை அடைத்துவிடுவார்கள். நடந்து போகிற தூரத்தில் தங்காவிட்டால் அதைப் பார்க்க முடியாது. வானம் தெளிவாக இருந்தால், நியெபி இரவில் தெரிகிற நட்சத்திரங்களை வேறெந்த நாளிலும் அந்த ஊரில் பார்க்க முடியாது.

மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் வசதி. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும்.

நுழைவுச் செலவு

இந்திய பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கும்போது வழங்கும் விசா உண்டு: 5 லட்சம் ரூபியா, 30 நாள், ஒரு முறை மட்டும் நீட்டிக்கலாம். இணையத்தில் முன்கூட்டியே எடுத்தால் வரிசை மிச்சம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 1.5 லட்சம் ரூபியா சுற்றுலா வரி தனியாக உண்டு. அது விசாக் கட்டணத்தில் அடங்காது. கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் முன்னே வையுங்கள்.

ரூபியா நோட்டில் பூஜ்யங்கள் அதிகம். 10,000 ஊதா, 1,00,000 சிவப்பு. அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறிப்போகும். பணம் மாற்றும்போது கடைக்காரர் எண்ணிய கட்டை, கடைசியாக நீங்கள் எண்ணிவிட்டு, மறுபடி அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பக் கொடுத்தால் சில நோட்டுகள் மேசைக்கடியில் விழுந்துவிடும். ஊர் விலையைவிட அதிகம் தருவதாகப் பலகை வைத்த சந்துக் கடைகளில் நடப்பது இதுதான்.

கோயிலுக்குள்

நம்மவர்கள் ஏமாந்துபோகிற இடம் இது. இந்துக் கோயில் என்றதும் கருவறை, மூலவர், தீபாராதனை என்று எதிர்பார்த்துப் போகிறார்கள். பாலியில் கோயில் என்பது திறந்தவெளி முற்றங்கள். வெளிமுற்றம், நடுமுற்றம், உள்முற்றம் என மூன்று. உள்முற்றத்தின் பெயர் ஜெரோவான். அங்கே பத்மாசனம் என்ற உயர்ந்த கல் இருக்கை காலியாக இருக்கும். சாங் ஹ்யாங் விதி என்று அவர்கள் வணங்கும் பரம்பொருளுக்கான ஆசனம் அது. காலியாக இருப்பதுதான் அதன் பொருள். பக்கத்தில் கருப்பு நார் வேய்ந்த மேரு கோபுரங்கள். அடுக்குகள் பெரும்பாலும் ஒற்றைப்படை, அதிகபட்சம் 11. விழா நாளில் தெய்வங்கள் இறங்கி வந்து அமர்வார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். ஆகவே கோயிலைப் பார்க்க வேண்டிய நாள் அதன் ஓடாலான், அதாவது ஆண்டு விழா. பெரும்பாலான கோயில்களில் இது பவுகோன் கணக்கில், 210 நாளுக்கு ஒருமுறை. தங்கும் விடுதியில் "இந்த வாரம் எங்கே ஓடாலான்?" என்று கேளுங்கள்; அந்த வட்டாரத்தில் ஏதாவது ஒன்று இருந்தே தீரும்.

உடுத்த இரண்டு துணி வேண்டும்: இடுப்பிலிருந்து கணுக்கால் வரை காமென், அதன்மேல் இடுப்பைச் சுற்றிக் கட்ட செலெண்டாங். வேட்டி கட்டியிருந்தாலும் இடுப்புத் துணியை விடாதீர்கள். இடைக்கு மேலும் கீழுமாக உடம்பைப் பிரித்துக் காட்டுகிற அந்தக் கட்டுதான் முக்கியம். மாதவிலக்கில் இருப்பவர்களும், குடும்பத்தில் அண்மையில் சாவு நேர்ந்தவர்களும் உள்ளே போவதில்லை. நம் ஊர்த் தீட்டு போலவே. பூசாரியைவிட உயரமான இடத்தில் ஏறி நிற்காதீர்கள். கும்பிடுகிறவர்களின் முன்னால் குறுக்கே போகாதீர்கள். பல கோயில்களில் ஜெரோவான் வழிபடுவோருக்கு மட்டும். நீங்கள் உண்மையாகவே கும்பிட வந்திருந்தால் "செம்பாஹ்யாங்" என்று சொல்லிக் கேட்கலாம். உள்ளூர்க்காரர் ஒருவர் உடன் இருந்தால் எளிது. தரையில் உட்கார்ந்து, கையைத் தலைக்குமேல் குவித்து, முடிவில் தீர்த்தம் வாங்கி, நெற்றியில் அரிசி ஒட்டிக்கொண்டு எழவேண்டும். திரிசந்த்யா என்னும் மூன்று வேளை வழிபாட்டில் காயத்ரி மந்திரம் காதில் விழும்போது எந்தத் தமிழருக்கும் மனம் அசையும்.

தம்பாக்சிரிங்கில் உள்ள தீர்த்தா எம்புல் ஊற்று, கி.பி. 962 கல்வெட்டில் குறிப்பிடப்பட்டது. நீராட விரும்பினால் அங்கே தரும் துணியை மாற்றிக்கொண்டு, இடப்பக்கத்துத் தூம்பில் தொடங்கி ஒவ்வொன்றாக நகர வேண்டும். நடுவில் இரண்டு தூம்புகள் இறந்தவர்களுக்கான சடங்குக்கு உரியவை. அவற்றின் கீழ் தலை வைக்காதீர்கள். வரிசையைப் பின்பற்றிப் போகிற பலர் கவனிக்காமல் தவறுவது இங்கேதான். முன்னால் போகிற உள்ளூர்க் குடும்பம் எதைத் தாண்டிப் போகிறதோ அதை நீங்களும் தாண்டுங்கள்.

வரலாற்றை வரிசையாகப் பார்க்க

பாலியில் திசை மலையை வைத்துத்தான். மலைப்பக்கம் காஜா, கடற்பக்கம் கெலோட். தீவின் தென்பகுதியில் காஜா என்றால் வடக்கு. மலைக்கு அப்பால், வடகரை ஊரான சிங்கராஜாவில் அதே சொல் தெற்கைக் குறிக்கும். வழி கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சனூரில் தொடங்குங்கள். அங்குள்ள பெலாஞ்சோங் கல்தூண் கி.பி. 914-இல் பாலி அரசர் ஸ்ரீ கேசரி வர்மதேவன் நிறுத்தியது. அடுத்து உபுட் பக்கம் கோவா கஜா குகை. உள்ளே ஒரு பிள்ளையாரும் மூன்று லிங்கங்களும். அங்கிருந்து குனுங் காவி: பக்கெரிசான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்த 10 நினைவுக் கோயில்கள், 11-ஆம் நூற்றாண்டு. முந்நூறு படி இறங்கி அதே படியில் ஏற வேண்டும். காலை எட்டு மணிக்குள் போனால் வெயில் தாக்காது. 1343-இல் ஜாவாவின் மஜாபாஹித் பேரரசு தீவைப் பிடித்தது. அந்த மரபில் வந்த அரசர்களின் கடைசித் தலைநகர் குளுங்குங். அங்கே கெர்த்தா கோசா மண்டபத்தில் கூரை முழுக்க ஓவியம்: பாண்டுவையும் மாத்ரியையும் மீட்க பீமன் நரகத்துக்குப் போகும் கதை. எந்தப் பாவத்துக்கு எந்தத் தண்டனை என்று வரிசையாக வரைந்திருக்கிறார்கள். வழக்கு நடந்த மண்டபம் அது. அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

டச்சுப் படை 1906-இல் பாடுங்கிலும் 1908-இல் குளுங்குங்கிலும் நுழைந்தபோது, அரச குடும்பத்தார் சரணடையாமல் வெள்ளாடையில் துப்பாக்கிகளுக்கு நேராக நடந்து வந்து மடிந்தார்கள். இதைப் புபுத்தான் என்பார்கள். டென்பசாரின் புபுத்தான் சதுக்கம் 1906-இல் இது நடந்த இடம். ஒட்டியே பாலி அருங்காட்சியகம் இருக்கிறது.

வயலையும் விட்டுவிடாதீர்கள். தண்ணீரைப் பங்கிடுகிற உழவர் சங்கம் சுபாக். ஏரிக்கரைக் கோயிலிலிருந்து கடைசி வயல் வரை முறைவைத்து நீர் போகிறது. எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் தரிசு விடுவதால் பூச்சிக்கு இரை இருக்காது. 1970-களில் பசுமைப் புரட்சிக்காக இந்த முறையைக் கலைத்து, ஆளுக்கொரு நேரம் நட்டபோது பூச்சி பெருகியது. மீண்டும் பழைய முறைக்கே வந்தார்கள். 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்தப் பாசன நிலப்பரப்புதான். நடக்க நல்ல இடம் ஜாதிலுவிஹ். வரப்பில் நடக்கும்போது மடைப் பலகையைத் தொடாதீர்கள்.

உலுவாட்டு கடற்பாறைக் கோயிலில் மாலை கெச்சாக் நடனத்துக்கு முன்கூட்டியே சீட்டு எடுங்கள். கண்ணாடியையும் தொப்பியையும் பைக்குள் வைத்துவிடுங்கள். அங்கே குரங்குகள் பறித்துக்கொள்ளும். குரங்கோ நாயோ கடித்தால், கீறினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போங்கள். 2008 முதல் இந்தத் தீவில் வெறிநோய் இருக்கிறது.

ஸ்கூட்டர் ஓட்ட, இருசக்கர வாகனத்துக்கும் பொருந்தும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால் பயணக் காப்பீடு பணம் தராது.

சைவக்காரர்கள் வாரூங் எனப்படும் சிறு உணவுக் கடைகளில் தெம்பே (புளிக்கவைத்த சோயா), தாஹு (டோஃபு), காடோ-காடோ (வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிய காய்கறி) கேட்கலாம். ஆனால் சம்பால் என்ற மிளகாய்ச் சட்னியில் தெராசி என்ற இறால் விழுது கலந்திருக்கும், மேலே வைக்கும் அப்பளமும் பெரும்பாலும் இறால்தான். "சாயா வெஜிடேரியன்" என்று சொன்னால் மட்டும் போதாது. "தான்பா தெராசி, தான்பா உடாங், தான்பா தெலூர்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: இறால் விழுது வேண்டாம், இறால் வேண்டாம், முட்டை வேண்டாம்.