புது விண்டோஸ் வந்தால் சிப் பங்கு ஏறுமா?

கல்முனையில் தம்பியின் திருத்தகத்துக்கு வரும் பழைய லப்டொப்களில் முதலில் பிராசசர் இலக்கத்தைத்தான் பார்ப்போம். ஐ5-7200யூ என்றிருந்தால் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு அது தகுதியில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

அதற்காக, "எல்லாரும் புதுசு வாங்குவாங்க, பிராசசர் சிப் செய்யிற இன்டெல், ஏஎம்டி பங்கை இப்பவே வாங்கிப் போடுவோம்" என்று அவசரப்படாதீங்க. விண்டோஸ் 11 வந்தது 2021 ஒக்டோபரில். அடுத்த வருடமே கணினி விற்பனை சரிந்து, அந்த இரண்டு பங்குகளும் ஏறத்தாழ பாதி விலைக்கு இறங்கின! வெளியீட்டுத் திகதி ஊருக்கே முன்கூட்டித் தெரிந்த விசயம். பங்கு விலையில் அது பெரும்பாலும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

அந்த நிறுவனங்களின் காலாண்டு அறிக்கையில் கணினிப் பிரிவின் வருமானத்தையும் விற்காமல் தேங்கிய கையிருப்பையும் பாருங்க. எங்களிடம் வருகிறவர்களில் பலர் புதுசு வாங்காமல், எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தை மட்டும் போட்டுக்கொண்டு பழையதையே தூக்கிக்கொண்டு போகிறார்கள்.