"12,000 வருஷமா மனுஷன் கஞ்சா அடிக்கிறான்"னு வீடியோ வந்தா எப்படி செக் பண்றது

மொத கேள்வி இதுதான்: மண்ணுக்குள்ள கிடைச்சது செடியோட எந்தப் பாகம்? நாரா, விதையா, பூவா? இதைக் கேட்டாலே பாதி வீடியோ அவுட்.

நாரு, விதைன்னா போதைக்கு சம்பந்தமே இல்ல. சீனாவுல இது கயிறு, துணி, சாப்பாடு, அப்புறம் காகிதம்கூட. அந்த 12,000 எங்கிருந்து வருதுன்னா 2021ல வந்த ஒரு மரபணு ஆராய்ச்சி, கிழக்கு ஆசியாவுலதான் இதை முதல்ல வளர்த்திருக்காங்கன்னு சொல்லுது. அது வளர்த்த கணக்குங்க, புகைச்ச கணக்கு இல்ல.

பூவே கிடைச்சிருந்தாலும் அவசரப்படாதீங்க. சீனாவோட துர்பான் பக்கம் யாங்ஹாய் கல்லறையில 2,700 வருஷத்துக்கு முந்தின கஞ்சா 789 கிராம் எடுத்தாங்க, போதை தர்ற வகைதான், ஆனா புகைக்கிற சாமான் ஒண்ணும் கூட இல்ல. அதே ஏரியாவுல ஜியாயில ஒரு ஆள் உடம்பு மேல 13 முழுச் செடியைப் போர்வை மாதிரி போட்டுப் புதைச்சிருக்காங்க, அது சடங்கு.

எரிச்ச தடயம் வேணும்னா சீனாவோட மேற்கு எல்லையில இருக்கிற பாமிர் மலைக்குப் போகணும். ஜிர்சான்கல் கல்லறை, சுமார் 2,500 வருஷப் பழசு. மரத்துல குடைஞ்ச கிண்ணம், உள்ள சுடச்சுடப் போட்ட கூழாங்கல்லு, கிண்ணத்தோட உள்பக்கம் கரிக்கட்டையா இருக்கு. அந்தக் கரியைச் சோதிச்சா கன்னாபினால் நல்லாவே வந்திருக்கு, கஞ்சாவுல போதை தர்ற பொருளான டிஎச்சி சிதைஞ்சா வர்றது அது. சாதாரணக் காட்டுச் செடியில அந்த அளவு வராதாம். 2019ல வெளியான இந்த ரிசல்ட்டைத்தான் நான் கெட்டியான ஆதாரம்னு சொல்வேன்.

அடுத்து, பழைய எழுத்தை மண்ணுல கிடைச்சதோட ஒப்பிட்டுப் பாருங்க. சித்தியர்கள்னு ஒரு நாடோடிக் கூட்டம், அவங்க கூடாரத்துக்குள்ள சூடான கல்லு மேல இந்த விதையைப் போட்டு, அந்தப் புகையில சந்தோஷமா கத்துவாங்கன்னு பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோடஸ் எழுதிருக்காரு. மனுஷன் அளந்து விடுறாருன்னு தோணும்ல? ஆனா சைபீரியாவோட அல்தாய் மலையில பசிரிக்ங்கிற புதைமேட்டை சோவியத் தொல்லியலாளர் ருடென்கோ தோண்டினப்போ வெண்கலப் பாத்திரம், கல்லு, கருகின விதை, கூடாரக் கம்பு எல்லாம் அப்படியே கிடைச்சுது. விதையில ஏதுய்யா போதைன்னு கேக்கறீங்களா, கரெக்ட், விதையை மூடியிருக்கிற உறையிலதான் பிசின் இருக்கு, அதோட சேர்த்தே போட்டிருக்கணும்.

நம்ம நாட்டுக்கும் இதே ரூல்தான். அதர்வ வேதத்துல பங்கான்னு ஒரு பேரு, கஞ்சாச் செடின்னு சொல்றாங்க, துன்பத்துல இருந்து காக்கற செடிங்க வரிசையில வருது, அவ்வளவுதான். புகைச்சாங்க, குடிச்சாங்கன்னு அந்த வரியில எதுவும் இல்ல, அதனால அதை மட்டும் காட்டி "வேத காலத்துலயே அடிச்சாங்க"ன்னு எவனாவது சொன்னா ஃபார்வர்ட் பண்ணாதீங்க.