வன்னியில் முதல் நியமனம்: நான் விட்ட பிழைகள்

சென்ற திங்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார். வயது இருபத்தேழு இருக்கும். கையொப்பம் போட்டுவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "சேர், இங்க இருந்து எத்தினை வருஷத்தில மாறலாம்?" தன் வகுப்பறையைக்கூட அவர் இன்னும் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அதே மேசைக்கு முன்னால் நின்று அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு, புதுக்குடியிருப்புப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொண்டே விழுகிற குழிகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தினமும் போய் வரலாம் என்ற கணக்கு

ஏ9 வீதியில் பரந்தன் சந்தி வரை வந்து, அங்கே முல்லைத்தீவு வீதிக்குத் திரும்ப வேண்டும். போக இரண்டரை மணித்தியாலம், வர இரண்டரை. ஐந்து நாளுக்கு இருபத்தைந்து. பள்ளிக்கூட நேரம் முப்பதையும் கூட்டினால் ஐம்பத்தைந்து. கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. அவர்கள் எண்ணியது வேலை நேரத்தை, பஸ்ஸில் இருக்கிற நேரத்தை அல்ல. சரி. ஆனால் நாலரை பஸ்ஸுக்காக மூன்றரைக்கு எழும்புகிற உடம்புக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

நானும் ஒரு தவணை ஓடிப் பார்த்தேன். ஒரு நாள் ஐந்தாம் பாடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கும்போதே கண் சொருகி, எழுதின வரி பலகையின் கீழ்மூலைக்குச் சரிந்து போயிருந்தது. பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிணைக் கையெழுத்து

முதல் வருஷத்தில் யாருடைய கடனுக்கும் வைக்காதீர்கள். நான் வைத்தேன். இதற்கு மேல் எழுதினால் கோபம் வரும்.

பையைப் பிரிக்காமல் வாழ்வது

தினப் பயணத்தை விட்டு ஓர் அறை எடுத்தேன். உண்மையான பிழை அங்கேதான் தொடங்கியது. ஐந்து வருஷம் அந்த அறைச் சுவரில் நான் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. உடுப்பு பையிலேயே இருந்தது. திங்கள் மேலே இருப்பது வியாழன் அடியில் போகும், வெள்ளி பை முதுகில் ஏறும். தலையணை வாங்கவில்லை, துவாயைச் சுருட்டி வைத்துப் படுத்தேன். மாறிப் போகிற ஆளுக்கு எதற்குத் தலையணை?

வீட்டுக்கார அம்மா பின்னேரங்களில் ஒடியற்கூழோ அவித்த கச்சானோ கொண்டுவந்து, "மாஸ்ரர், கொஞ்சம் சாப்பிடுங்கோ" என்பார். "வேண்டாம் அம்மா, இப்பதான் சாப்பிட்டன்" என்று கதவைச் சாத்துவேன். பழகினால் போகிறபோது கஷ்டம் என்று ஒரு பெரிய தத்துவம் வைத்திருந்தேன். அரை மணித்தூரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில். வைகாசிப் பொங்கலில் கடல் தண்ணீரில் விளக்கெரிவதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் சனம் வரும். ஐந்து வைகாசியிலும் நான் அறையில் படுத்துக்கொண்டு போன் பார்த்தேன்.

ஒரு திங்கள் காலை பஸ்ஸால் இறங்கி வந்தால், ஒழுங்கை முகப்பில் குருத்தோலைத் தோரணம் வாடித் தொங்குகிறது. வீட்டுக்கார ஐயா வெள்ளி இரவு மோசம் போய், சனி செத்தவீடும் முடிந்துவிட்டது. அவருடைய கிணற்றில்தான் ஐந்து வருஷம் குளித்தேன். ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டதற்கு அம்மா கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "மாஸ்ரர் வெள்ளியெண்டா போயிடுவியள்தானே" என்றார். எனக்கு அறிவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என் நம்பர் அங்கே ஒருவரிடமும் இல்லை.

அப்படியானால் யாழ்ப்பாணத்து வீட்டில் நான் வேரோடு இருந்தேனா? அதுவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை மனைவி தேத்தண்ணி தந்தபோது கவனித்தேன்: கோப்பைக்குக் கீழே தட்டு. எங்கள் வீட்டில் தட்டு வைப்பது வந்தவர்களுக்கு மட்டும். அவருக்கே அது தெரியவில்லை, கை பழகிவிட்டது.

இந்த ஐந்து வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. "வன்னியோ? பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு, அஞ்சு வருஷம்தானே" என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் மேலும் எரிகிறது. ஐந்து வருஷம் என்ன, கழித்துவிடுகிற சில்லறையா? ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றும் நடக்கிற ஆய்வு ஒன்று இருக்கிறது. ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்கள்தான் எண்பதில் உடல்நலத்தோடும் இருந்தார்கள் என்று அதில் கண்டார்கள். என் இருபதுகளின் கடைசியில் எனக்கு இருந்த உறவு பஸ் கொண்டக்டர் ஒருவர். அவருக்கும் என் பெயர் தெரியாது, இறங்கும் இடம்தான் தெரியும்.

தோரணம் கண்ட அந்தக் கிழமையே ஆணி அடித்தேன். தலையணை வாங்கினேன். பின்னேரம் வாசிகசாலை வளவில் பெடியள் கரப்பந்தாட்டம் ஆடுவார்கள், போய் நின்றேன். முதல் நாள் பந்து பொறுக்க விட்டார்கள். எட்டாம் நாள் மூச்சிரைக்காமல் ஓடினேன். குடும்பத்தைக் கூட்டி வருவது எல்லோராலும் முடியாது, எனக்கே பிறகுதான் முடிந்தது. ஆனால் தலையணை வாங்க இடமாற்றச் சபையின் அனுமதி தேவையில்லை.

இரவுச் சாப்பாடு

பாணும் வாழைப்பழமும் ஒரு நாளைக்குச் சரி. முந்நூறு நாளைக்கு அல்ல.

தண்ணீர்

இதைக் குறிப்பாக ரீச்சர்மாருக்குச் சொல்கிறேன். பஸ்ஸில் வசதியில்லை, பள்ளிக்கூடக் கழிப்பறை சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். வன்னி வெயிலில் இது விளையாட்டில்லை. சிறுநீர்த் தொற்று வந்து இரண்டு பேர் லீவில் நின்றதை நான் பார்த்தேன். வெட்கப்படாமல் அதிபரிடம் கழிப்பறையைப் பற்றிக் கதையுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவரென்றால் சுத்திகரித்த தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள் என்று ஊரில் கேளுங்கள், காட்டுவார்கள்.

மனம் சரியில்லை என்றால்

1926க்கு எடுங்கள். அரசாங்க மனநல உதவி இலக்கம் அது.

வெள்ளிக்கிழமை பஸ்

வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் இங்கே நின்று பாருங்கள். போகிற நாளில் பரந்தன் தாண்டியதும் பின்னேர வெயில் இடப்பக்க யன்னலால் அடிக்கும். வலப்பக்கம் இடம் பிடியுங்கள்.